கையை அசைக்காதே! - நிணநீரின் நானூறு வருடக் கதை

கால்ல முள்ளு குத்தி சீழ் வச்சா ரெண்டு நாள்ல தொடையிடுக்குல நெறி கட்டும். நம்ம ஊர்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "நெறி கட்டியிருக்குடா, விளையாடப் போகாதே" என்று பாட்டியே சொல்லிவிடுவார். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. புண் இருப்பது பாதத்தில், வீங்குவது இடுக்கில். நடுவே ஏதோ ஒரு வழி இருக்கணும் இல்லையா?

அந்த வழிதான் நிணநீர் மண்டலம். ரத்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே ஓடும் இன்னொரு குழாய் வலை. நெறி கட்டுவது அந்த வழியில் இருக்கும் சோதனைச் சாவடிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில். இந்த வலையை மனிதன் கண்டுபிடிச்சு நானூறு வருஷம் ஆச்சு. அதில் ஓடும் நீரை எது நகர்த்துது என்ற கேள்விக்கு உடம்பின் அசைவும் மூச்சும் முக்கியமான பதில்கள் என்பதும் ரொம்ப காலமாத் தெரியும். அப்படியிருந்தும், நோயாளிகளிடம் பல தலைமுறையா சொல்லிக்கிட்டு இருந்தது "அசையாதே" என்பதைத்தான். அது எப்படி நடந்தது, எப்படி மாறியது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :-)

மிலான், 1622

முதல் ஆள் காஸ்பரே அசெல்லி. இத்தாலியில் அறுவை மருத்துவர். 1622 ஜூலை 23ஆம் தேதி, நண்பர்கள் கேட்டார்கள் என்பதற்காக ஒரு நாயை உயிரோடு அறுத்து, குரல்வளைக்குப் போகும் நரம்புகளைக் காட்டிக்கொண்டிருந்தார். (மயக்க மருந்தெல்லாம் வர இன்னும் 200 வருஷத்துக்கு மேல இருக்கு. படிக்கவே கஷ்டமாத்தான் இருக்கும்.) அது முடிந்ததும், கூடவே உதரவிதானத்தின் அசைவையும் பார்த்துவிடலாம் என்று வயிற்றைத் திறந்தார். உதரவிதானம்னா நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே தட்டு மாதிரி இருக்கும் தசை. மூச்சு இழுக்கும்போது கீழே இறங்கும், விடும்போது மேலே ஏறும்.

குடலைக் கீழே தள்ளினார். அப்போதான் குடலைத் தாங்கும் சவ்வு முழுக்க வெள்ளை வெள்ளையா மெல்லிய நூல்கள் தெரிஞ்சது. முதலில் நரம்புன்னுதான் நினைச்சார். ஒன்றை வெட்டினார். பால் மாதிரி ஒரு திரவம் வெளியே வந்தது. மறுநாள் இன்னொரு நாயில் தேடினார், ஒண்ணுமே தெரியல. காரணத்தை அவரே கண்டுபிடிச்சார். முதல் நாய் நல்லா சாப்பிட்டிருந்தது, இரண்டாவது பட்டினி. சாப்பாட்டில் இருக்கும் கொழுப்புதான் அந்தக் குழாய்களை வெள்ளையாக் காட்டியது.

இங்கே நம்ம மொழிக்கு ஒரு சபாஷ். நிணம் என்றால் தமிழில் கொழுப்பு. நிணநீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, அசெல்லி பார்த்த அந்தப் பாலுக்குப் பொருத்தமான சொல்லைத்தான் எடுத்திருக்கிறார்.

அசெல்லியின் புத்தகம் அவர் இறந்த பிறகு, 1627ல் வந்தது. உடற்கூறு நூலில் வண்ணப் படங்கள் அச்சானது அதில்தான் முதல்முறை. இந்தக் கதையில் எனக்குப் பிடிச்சது என்னன்னா, அவர் பார்க்க நினைத்தது மூச்சுவிடும் தசையை, கண்ணில் பட்டது நிணநீர்க் குழாயை. இரண்டுக்கும் உறவு இருக்கு என்பது அப்போ யாருக்கும் தோன்றவில்லை.

கல்லீரலுக்கு ஒரு இரங்கற்பா

அடுத்து பிரான்ஸ். ஜான் பெக்கே என்கிற மருத்துவ மாணவர். 1651ல் வெளிவந்த புத்தகத்தில், குடலிலிருந்து வரும் அந்தப் பால் கல்லீரலுக்குப் போகவில்லை என்று காட்டினார். அது வயிற்றின் பின்பக்கம் ஒரு பையில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி ஒரு நீண்ட குழாய் வழியா நெஞ்சுக்குள் ஏறி, கழுத்தடியில் ரத்தக் குழாயில் கலக்கிறது. இதை மார்பு நிணநாளம் என்கிறோம்.

இது ஏன் பெரிய விஷயம்? கேலன் காலத்திலிருந்து சுமார் 1500 வருஷமா, உணவைக் கல்லீரல்தான் ரத்தமா மாத்துதுன்னு எல்லா மருத்துவர்களும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. அந்த நம்பிக்கை இதோட ஆட்டம் கண்டது. ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடிச்ச வில்லியம் ஹார்வியே இந்தப் புதுக் குழாய்களை ஏத்துக்கல. புரட்சி பண்ணினவருக்கும் அடுத்த புரட்சி கசக்கும் போல.

இப்ப நான் முதுகலை படிக்கிற ஊருக்கு வர்றேன். ஸ்வீடனில் உப்சாலா. இங்கே பழைய பல்கலைக்கழகக் கட்டிடமான குஸ்தாவியானும் மேல ஒரு உருண்டைக் கூம்பு இருக்கும். அதுக்குள்ளே எண்கோண வடிவில், கிணறு மாதிரி செங்குத்தா அடுக்கடுக்காக நின்று பார்க்கும் ஒரு உடற்கூறு அரங்கம். 1660களில் அதைக் கட்டியவர் ஓலோஃப் ரூட்பெக். குளிர்காலத்துல மூணு மணிக்கே இருட்டிடும் ஊர்ல, இந்த மனுஷனைப் பத்திப் படிக்கிறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

1652ல் ரூட்பெக்குக்கு வயசு 21. எங்க வகுப்புல இருக்கிற எல்லாரையும் விடச் சின்னப் பையன். அந்த வயசில் ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா முன்னாடி தன் கண்டுபிடிப்பைச் செய்து காட்டினார். கல்லீரலிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் தெளிந்த நீர் ஓடும் குழாய்கள் கிளம்புகின்றன. பால் இல்லை, தண்ணீர் மாதிரி. குழாயை நூலால் கட்டி எந்தப் பக்கம் உப்புதுன்னு பார்த்தார். நீர் கல்லீரலுக்குள்ளே போகவில்லை, அங்கிருந்து வெளியே வருகிறது. அந்தக் குழாய்களில் ஒருவழிக் கதவுகள், அதாவது வால்வுகள் இருப்பதையும் கவனித்தார். (அந்த வால்வுகளை 1665ல் விரிவாக எழுதினவர் ஹாலந்தின் ஃபிரெடரிக் ரைஸ்.)

ரூட்பெக் 1653ல் அச்சிடுவதற்குள் கோபன்ஹேகனில் தாமஸ் பார்த்தோலின் முந்திக்கொண்டார். நிணநீர் நாளங்களுக்கு இன்னைக்கு உலகம் சொல்லும் லத்தீன் பெயரை வைத்தவர் அவர்தான். கூடவே, வேலை போன கல்லீரலுக்கு ஒரு கல்லறை வாசகமும் எழுதினார் (நிஜமாவே!). அப்புறம் யார் முதல் என்று இரண்டு நாட்டுக்கும் குடுமிப்பிடி சண்டை. மேற்பார்வையாளர் "சீக்கிரம் அச்சுக்கு அனுப்பு" என்று ஏன் விரட்டுகிறார் என்பது இப்ப புரியுதா?

ரூட்பெக் பிற்காலத்தில், கடலில் மூழ்கின அட்லாண்டிஸ் நம்ம ஸ்வீடன்தான் என்று நிரூபிக்க நாலு தடித்தடி நூல்கள் எழுதினார். குமரிக்கண்டம் ஆர்வலர்கள் கவனத்துக்கு :-)

சரி, நீரைத் தள்ளுவது யார்?

ரத்தத்துக்கு இதயம் இருக்கு. நிணநீருக்கு?

தவளைக்கு இருக்கு. நிணநீருக்கென்றே துடிக்கும் குட்டி இதயங்கள் தவளைக்கு உண்டு என்று 1832ல் ஜெர்மனியின் யோஹானஸ் முல்லர் கண்டார். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்ம உடம்பில் ரத்த நுண்குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதில் மிச்சமாவதை நிணநீர்க் குழாய்கள் உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய் மறுபடி ரத்தத்தில் சேர்க்கின்றன. ஒரு நாளைக்குச் சில லிட்டர். கசிவுக்கான கணக்கை 1896ல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் போட்டுக் கொடுத்தார். இந்த வேலை நின்னா உடம்பு வீங்கும். அவ்வளவுதான் விஷயம்.

பாதத்திலிருந்து கழுத்து வரை, புவியீர்ப்புக்கு எதிராக இந்த நீர் ஏறணும். எப்படி ஏறுது என்பதற்கு மூன்று பதில்கள்.

முதலாவது, தசை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும், பக்கத்தில் இருக்கும் குழாய் நசுங்கும். வால்வு இருப்பதால் நீர் கீழே திரும்பாது, மேலேதான் போகும். கையால் பற்பசைக் குழாயை அமுக்கற மாதிரி. நாய்க் காலில் மெல்லிய குழாய் செருகி அளந்து பார்த்தவர்களுக்கு இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். கால் சும்மா கிடந்தால் நிணநீர் சொட்டுவது ரொம்பக் குறைவு, அதே காலை ஆட்டிவிட்டால் ஓட்டம் கூடும்.

இரண்டாவது, மூச்சு. பெக்கே காட்டின அந்த நீண்ட குழாய் வயிற்றில் ஆரம்பித்து, உதரவிதானத்துக்குப் பின்னால் இருக்கும் வழியில் நுழைந்து நெஞ்சுக்குள் போகுது. மூச்சை ஆழமா இழுத்தால் உதரவிதானம் இறங்கும். வயிற்றில் அழுத்தம் கூடும், நெஞ்சில் குறையும். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நீர் போகும். கிராமத்து அடிபம்பு வேலை செய்ற தத்துவம்தான். மேலோட்டமா மூச்சுவிட்டால் இந்த வித்தியாசம் சின்னது, வயிறு எழும்ப மூச்சுவிட்டால் பெரியது.

மூன்றாவதைத்தான் பலரும் விட்டுடறாங்க. "நிணநீருக்கு பம்பே கிடையாது, நீங்க அசைஞ்சாத்தான் ஓடும்" என்று எழுதாத ஆரோக்கியக் கட்டுரை இல்லை. அது பாதி உண்மை. பெரிய நிணநீர்க் குழாய்களின் சுவரிலேயே தசை இருக்கு, அது தானாகவே துடிக்கும். 1869ல் ஆர்னால்ட் ஹெல்லர் கினிப் பன்றியில் பார்த்தார். 1956ல் கின்மன்த், டெய்லர் இருவரும் மனிதர்களில் பார்த்தார்கள். 1980ல் போலந்தின் ஓல்ஷெவ்ஸ்கியும் நார்வேயின் எங்கெசெட்டும் ஆரோக்கியமான ஆண்களின் காலில் அளந்தபோது, அசையாமல் இருக்கும்போதும் அந்தத் துடிப்பால் நீர் நகர்ந்தது. கால் அசைந்தபோது துடிப்பு அடிக்கடி வந்தது.

அதாவது அசைவு என்பது வெளியிலிருந்து அமுக்குவது மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் பம்பையும் அது வேகப்படுத்துகிறது. நல்ல குழாய் இருக்கிறவர்களுக்கு இது எப்படியும் நடக்கும். குழாய் கெட்டுப்போனவர்களுக்குத்தான் ஒவ்வொரு உதவியும் கணக்கு.

"இனி அந்தக் கையால எதுவும் தூக்காதீங்க"

குழாய் எப்படிக் கெடும்? மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுப்பார்கள். புற்று முதலில் பரவும் பாதை அது என்பதால். முடிச்சு போனால் கையிலிருந்து வரும் நீருக்கு வழி குறையும், சிலருக்குக் கை வீங்கும். இந்த அறுவையைப் பரப்பிய அமெரிக்கர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1921ல் இந்த வீக்கத்தைப் பற்றி எழுதியபோது, அறுவையால் வரும் யானைக்கால் என்ற பொருளில் பெயர் வைத்தார். வைத்தியம்னு பார்த்தால் 1892லேயே அலெக்சாண்டர் ஃபான் வினிவார்ட்டர் கட்டுப்போடுதல், தேய்த்துவிடுதல், உடற்பயிற்சி எல்லாம் எழுதியிருந்தார். 1930களில் டென்மார்க்கின் எமில் வோடர் மென்மையாக நீவிவிடும் முறையை உருவாக்கினார். ஆனா பெரும்பாலான நோயாளிகள் காதில் விழுந்தது வேற.

எங்க பெரியம்மாவுக்கு 2004ல் இந்த அறுவை நடந்தது. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினது ஒரே வாக்கியம்: "இனி அந்தக் கையால எதுவும் தூக்காதீங்க." பெரியம்மா அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. குடம் இல்லை, குழந்தை இல்லை, பூரிக்கட்டை கூட இல்லை. கையை தலையணை மேல வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. ரெண்டு வருஷத்துல தோள்பட்டை இறுகிப் போச்சு. கொடியில துணி போட முடியாது, சொந்தத் தலையைப் பின்னிக்க முடியாது. வீக்கமாவது வராம இருந்துதான்னா, அதுவும் வந்துச்சு.

சொன்ன டாக்டரைத் திட்டறதுக்காக இதை எழுதல. அன்னைக்கு லண்டன்லயும் நியூயார்க்லயும் நிறைய பேர் அதையேதான் சொன்னாங்க. அதுக்கு ஒரு நியாயமும் இருந்துச்சு. வேலை செஞ்சா தசைக்கு ரத்தம் அதிகம் வரும், ரத்தம் அதிகம் வந்தா கசிவு அதிகம், வடிகால் ஏற்கெனவே பாதி அடைஞ்சிருக்கு, அப்போ வீங்கத்தானே செய்யும்? கேட்டா சரியாத்தான் இருக்கு. அதே அசைவு வடிகாலையும் வேகப்படுத்தும் என்பது தராசின் இன்னொரு தட்டு. எந்தத் தட்டு கனம்னு யோசிச்சு முடிவு பண்ண முடியாது, அளந்துதான் பார்க்கணும். யாரும் அளக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

படகு வலித்த 24 பெண்கள்

1996. கனடாவின் வான்கூவர். டான் மெக்கென்சி என்கிற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய் அறுவை முடிந்த 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு ஓட்டவைத்தார். நீளமான சீனப் படகு, எல்லாரும் ஒரே தாளத்தில் துடுப்பு போடணும். கேரளத்து வள்ளங்களியை நினைச்சுக்கோங்க. தோளையும் கையையும் பிழியும் வேலை. இருக்கிற எச்சரிக்கைகளுக்கு நேர் எதிர். படிப்படியா பயிற்சி கொடுத்து, அளவெடுத்துக்கொண்டே வந்தார். 1998ல் முடிவை எழுதினார்: புதிதாக யாருக்கும் வீக்கம் வரவில்லை.

24 பேர் சின்ன எண்ணிக்கை, ஒப்பிட இன்னொரு குழு இல்லை. அதனால இதை நிரூபணம்னு சொல்ல முடியாது. ஆனா கேள்வியைத் திறந்துவிட்டது. 2005ல் ஆஸ்திரேலியாவில் கை வீங்கிய 38 பெண்களுக்கு மென்மையான கைப் பயிற்சியும் ஆழ்ந்த மூச்சும், பத்தே நிமிஷம் கொடுத்துப் பார்த்தார்கள். கையின் அளவு கொஞ்சம் குறைந்தது. இதுவும் சின்ன ஆய்வுதான், ஆனால் மூச்சு ஒரு மருத்துவ ஆய்வுக்குள் முறையாக நுழைந்தது.

பெரிய பதில் 2009ல் வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வாரம் இரண்டு முறை, மேற்பார்வையில், மெல்ல மெல்லக் கூட்டி எடை தூக்கியது. மற்ற பாதி வழக்கம்போல இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது அவர்களில் 14 சதவீதம் பேருக்கு, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு. அதாவது பாதி!

ரூட்பெக் அரசி முன்னாடி அந்தக் குழாயைக் காட்டி 357 வருஷம் கழிச்சு, "அந்தக் கையால தூக்கலாம்மா" என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. நடுவில் எத்தனை பெரியம்மாக்கள்!

நம்ம பக்கத்து யானைக்கால்

நமக்குத் தெரிஞ்ச இன்னொரு நிணநீர் நோய் யானைக்கால். கொசு வழியா உடம்புக்குள் வரும் புழுக்கள் நிணநீர்க் குழாயிலேயே குடியிருக்கும். குழாய் தொளதொளன்னு விரியும், வால்வு மூடாது, நீர் தேங்கும். ரத்தத்தில் குட்டிப் புழுக்களை 1872ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் பார்த்தார். கொசுவின் பங்கை 1877ல் சீனாவில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன் கண்டார். மருந்து கொடுத்துப் பரவலைத் தடுக்கும் வேலையில் இலங்கை ஜெயித்துவிட்டது. இந்நோய் அங்கே இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்தது.

ஆனா ஏற்கெனவே வீங்கின கால்? மாத்திரை அதைச் சிறிதாக்காது. "இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஓரமா உட்காரவைத்த கால்கள் எத்தனையோ. பிரேசிலின் ரெசிஃபி நகரில் கெருசா ட்ரேயர் 1990களில் இதை மாற்றினார். கால் திரும்பத் திரும்ப மோசமாவதற்கு விரலிடுக்குப் புண் வழியா நுழையும் பாக்டீரியா முக்கியக் காரணம் என்று காட்டி, சோப்பு போட்டுக் கழுவுதல், நன்றாகத் துடைத்தல், காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்தல் என்று வீட்டிலேயே செய்யும் முறையைப் பரப்பினார்.

நமக்குப் பக்கத்திலேயே, வட கேரளத்தின் காசர்கோட்டில் ஒரு தோல் மருத்துவ நிறுவனம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. கழுவுதல், மூலிகைக் கஷாயத்தில் ஊறவைத்தல், குடும்பத்தார் நீவிவிடுதல், இறுக்கக் கட்டுப்போடுதல், இவற்றோடு யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும். ஆலப்புழை, குல்பர்கா மாவட்டங்களின் நோயாளிகளிடம் செய்துபார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள். எல்லாம் சேர்ந்த சிகிச்சை என்பதால் மூச்சின் பங்கு மட்டும் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா பெக்கே காட்டின குழாய், அசெல்லி பார்க்க நினைச்ச தசை, இரண்டும் கடைசியில் ஒரே பாயில் உட்கார்ந்துவிட்டன.

கடைசியா சில விஷயம்

"ஆழமா மூச்சு விட்டா நிணநீர் நச்சையெல்லாம் வெளியேத்தும், புற்றுநோயே வராது" என்று யாராவது சொன்னா கும்பிடு போட்டு நகர்ந்துடுங்க. கழிவை வடிகட்டுவது சிறுநீரகமும் கல்லீரலும். (பார்த்தோலின் அடக்கம் பண்ணினாலும் கல்லீரல் வேலையை விடவில்லை!) மூச்சும் அசைவும் நீரை நகர்த்தும். அதைவிடப் பெரிய அற்புதம் எதுவும் செய்யாது. வீங்கின கைக்கு அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்று. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, அது ரத்தக்கட்டியா இருக்கலாம். பயிற்சி, மசாஜ் என்று இறங்காம நேரா டாக்டர்கிட்ட போங்க. கை கால் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

மற்றபடி உங்க வீட்டில் அக்குள் முடிச்சு எடுத்த அம்மாவோ அத்தையோ இருந்தா, அவங்க கை இன்னும் தலையணை மேலயே இருந்தா, ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எதை, எவ்வளவு, எப்படி மெல்லக் கூட்டணும்னு கேளுங்க. "தூக்கவே கூடாது"ன்னு பதில் வந்தா, ஏன்னும் கேளுங்க. கேட்டு வாங்க வேண்டிய பதில் இது.